கறாரக்காவின் இடது கை

ஊசி ஆலையின் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் பெண்களுக்கு நாற்பது வயதைத் தாண்டியதும் கைகள் நீள ஆரம்பிக்கும். முதல் வருடம் சட்டைக் கைக்கு வெளியே மணிக்கட்டு கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். அடுத்த வருடம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பக்கத்து மேசைத் தண்ணீர்க் குவளையை எடுத்துவிடலாம். நாற்பத்தைந்தில் விரல் நுனி கூடத்தின் நடுப்பகுதியை எட்டிவிடும். ஐம்பதை நெருங்கும்போது எதிர்ச்சுவர் பக்கத்தில் வந்திருக்கும். தலை நரைப்பதைப் பற்றி எவ்வளவு பேசுவார்களோ அதே அளவுதான் ஆலையில் இதைப் பற்றியும் பேசினார்கள். இரண்டுக்கும் வைத்தியம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

அந்தக் கூடத்தின் வேலை ஊசியின் காதைப் பார்ப்பது. நூல் கோக்கும் துளையைத்தான் காது என்பார்கள். முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த கூடத்தில் ஆண்கள் இயந்திரத்தை வைத்துக் காது போட்டார்கள். இந்தப் பக்கம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒரு பிடி ஊசியை எடுத்து விரலிடுக்கில் விசிறிபோல் விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, எல்லாக் காதும் பிசிறில்லாமல் அளவாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். சின்ன வயதில் முகத்துக்கு அருகே பிடித்தாலே தெரியும். வயது ஏற ஏறக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால்தான் தெரியும். பிறகு இன்னும் கொஞ்சம். ஒரு கட்டத்தில் தள்ளிப் பிடிக்கக் கை போதாது. மற்ற ஊர்களில் அந்தக் கட்டத்தில் மனிதர்கள் என்ன செய்தார்களோ தெரியாது. இங்கே கை நீண்டது. ஒன்று நீண்டால் துணைக்கு மற்றதும் நீண்டது.

ஊர் அதற்கேற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. மொட்டை மாடிகளில் துணி காயப்போடும் கயிறுகளை இரண்டு ஆள் உயரத்தில் கட்டினார்கள். கடைக்காரர்கள் சோப்பையும் தீப்பெட்டியையும் மேல் தட்டில் வைத்தார்கள். ஆலைப் பெண்கள் வாசலில் நின்றபடியே எடுத்துக்கொண்டு போனார்கள். பேருந்தில் ஏறினால் கைகளை ஈரத் துண்டுபோல் மூன்றாக மடித்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். எதிரெதிர் மாடிகளில் குடியிருந்த இரண்டு பெண்கள் சண்டை வந்தால் தெருவுக்கு மேலேயே முடியைப் பிடித்துக்கொண்டார்கள், சமாதானம் ஆனதும் அதே வழியில் காப்பித்தூள் கடன் வாங்கிக்கொண்டார்கள். ஆலையில் சட்டைக் கைகளை மட்டுமே தைப்பதற்கென்று ஒரு தையல்காரர் இருந்தார். ஒவ்வொரு வருடமும் அளவெடுத்து, பழைய கையைப் பிரித்துத் துணியை ஒட்டுப்போட்டு நீட்டிக் கொடுப்பார். உடம்புச் சட்டை தைக்கச் சொன்னால் அவருக்கு வராது.

எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது, எதிர்ச்சுவரைத் தவிர. கை நீள நீள, ஒரு பிடி ஊசி வெளிச்சத்துக்குப் போய்த் திரும்பி வர நேரம் பிடித்தது. நீளக்கைக்காரர் ஒரு பிடி பார்த்து முடிப்பதற்குள் பக்கத்திலிருக்கும் இளம்பெண் மூன்று பிடி முடித்துவிட்டுக் கொட்டாவி விடுவாள். நிர்வாகம் அதைக்கூடப் பொறுத்துக்கொண்டது. ஆனால் விரல் நுனி சுவரில் முட்டிய பிறகும் காது தெரியவில்லை என்றால் என்ன செய்வது? சுவரை இரண்டு முறை பின்னால் தள்ளிக் கட்டினார்கள். மூன்றாம் முறை தள்ள இடமில்லை, அந்தப் பக்கம் ரயில் பாதை. ஆகவே ஒரு வழக்கம் உண்டானது. யாருடைய விரலாவது சுவரைத் தொட்டால் அன்று மாலை எல்லோரும் எழுந்து நின்று கை தட்டுவார்கள், நிர்வாகம் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுக்கும், அந்தப் பெண் வீட்டுக்குப் போய்விடுவார். வீட்டிலிருக்கும் அந்தக் கடிகாரத்தைப் பிறகு அவர்கள் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை என்று அவர்களின் பிள்ளைகள் சொல்வார்கள்.

கண் மங்குகிறது என்று அந்தக் கூடத்தில் யாருக்கும் தோன்றவே இல்லை. ஏன் தோன்ற வேண்டும்? தெருக்கோடியில் வரும் பேருந்தின் எண்ணை அவர்கள் எல்லோருக்கும் முன்னால் படித்தார்கள். கூரை மேல் உட்கார்ந்திருக்கும் புறாவுக்கு ஒரு காலில் விரல் இல்லை என்பதைக் கீழே நின்றே சொன்னார்கள். இப்படிப்பட்ட கண்ணில் என்ன கோளாறு இருக்க முடியும்? அவர்கள் யோசித்துப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்தார்கள். முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆண்கள் வரவரக் காதைச் சின்னதாகப் போடுகிறார்கள். சோம்பேறித்தனம், அல்லது திமிர், அல்லது இரண்டும்.

அந்த ஆண்களில் முதன்மையானவரைக் காதுக்காரர் என்று கூப்பிடுவார்கள். பெரிய இயந்திரம் அவர் பொறுப்பு. அதில் மாட்டும் எஃகு முள் எவ்வளவு தடிமனோ அவ்வளவுதான் காதின் அளவு. எந்த முள்ளை மாட்டுவது என்பதை அவர்தான் முடிவு செய்வார். ஊசியைக் கண்ணால் பார்க்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. இயந்திரம் போடும் சத்தத்திலேயே எல்லாம் தெரிந்துகொள்வார், அதனால் அவர் கை அளவோடு இருந்தது. அவருடைய மனைவி முற்றத்துக்கு இந்தப் பக்கம், ஜன்னலோர இருக்கையில் காது பார்த்தார். அவரைக் கறாரக்கா என்பார்கள். வாங்கின ரொட்டி கோணலாக இருக்கிறது என்று கடையில் திருப்பிக் கொடுக்கிற மனுஷி. பக்கத்து வீட்டுச் சுவரில் ஆணி சாய்வாக இருந்தால் இவருக்குத் தூக்கம் வராது. அவர் கழித்த ஊசியை யாரும் இரண்டாம் முறை பார்த்ததில்லை, அவர் தேர்ந்த ஊசியைப் பற்றி யாரும் புகார் சொன்னதும் இல்லை, வெகுகாலம் வரைக்கும்.

இவர்கள் இருவருக்கும் கல்யாணமான புதிதில் தேநீர் இடைவேளையில் முற்றத்துக் குழாயடியில் நின்று பேசிக்கொள்வார்கள். கறாரக்காவின் கை நீண்ட பிறகு அதற்கும் தேவையில்லாமல் போனது. மணி அடித்ததும் அவருடைய இடது கை ஜன்னல் வழியே வெளியே போய், முற்றத்தைக் கடந்து, எதிர் ஜன்னலுக்குள் நுழைந்து, கணவருடைய மேசையில் தேநீர்க் குவளையை வைக்கும். வைத்துவிட்டு உடனே திரும்பாது. அவருடைய தோளில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும். காதுக்காரர் தேநீரைக் குடிப்பார், குவளையைக் கையில் கொடுப்பார், கை திரும்பிப் போகும். வீட்டிலும் அந்தக் கைகள் பெரிய ஒத்தாசை. அவர்களின் ஒரே மகள் சின்ன வயதில் தெருவில் சைக்கிளுக்குக் குறுக்கே ஓடினால், அடுப்படியில் நின்றபடியே சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவிடுவார் அம்மா. அந்தப் பெண் பெரியவளாகி வேறு ஊருக்கு வேலைக்குப் போன பிறகும் தெருவைக் கடக்கும்போது பின்கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வாளாம்.

ஆனால் சாப்பாட்டு மேசையில் தினமும் தகராறுதான். "காது வரவர சின்னதாகுது. நாளைக்குக் காதே இல்லாத கம்பியா அனுப்புவீங்க போல" என்பார் கறாரக்கா. காதுக்காரர் முதலில் சத்தியம் செய்து பார்த்தார். முள்ளைக் கழற்றிக்கொண்டு வந்தே காட்டினார். அதுவும் அவர் மனைவிக்குச் சின்னதாகத்தான் தெரிந்தது. இரண்டு வருடம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் தற்செயலாக ஜன்னல் வழியே பார்த்தார். மனைவியின் வலது கை கூடத்தின் குறுக்கே முழுவதுமாக நீண்டிருந்தது. விரல் நுனிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவு இடம்தான் பாக்கி. கறாரக்கா ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார், ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கடைசியில் கையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். முப்பது வருடக் குடித்தனத்தில் அந்த மனுஷி சும்மா உட்கார்ந்து காதுக்காரர் பார்த்ததில்லை. அன்று சாப்பாட்டு மேசையில் அவர் தானாகவே பேச்சை ஆரம்பித்தார்.

"நீ சொன்னது சரிதாம்மா. முள்ளு தேஞ்சுபோயிருக்கு. நான்தான் கவனிக்கல. நாளைக்கே சரி பண்ணிடறேன்."

"இதைச் சொல்ல இவ்வளவு நாளா?" என்றார் கறாரக்கா. ஆனால் அன்று இரண்டு பேருக்கும் நல்ல பசி. மறுநாள் வேலை முடிந்து வரும்போது, "இன்னைக்குப் பரவாயில்ல, காது காதா இருக்கு" என்று அவரே சொன்னார். அந்த வருடம் அவருடைய கை நீளவில்லை. அடுத்த வருடம் மறுபடி தகராறு வந்தது, மறுபடி காதுக்காரர் தப்பை ஒப்புக்கொண்டார், மறுபடி சரிசெய்தார். இப்படியே பல வருடம். ஊரில் வேறு எந்தக் கணவரும் செய்யாத தப்புக்கு இவ்வளவு தடவை மன்னிப்புக் கேட்டதாகத் தகவல் இல்லை. கறாரக்காவுக்கு மட்டுமல்ல, கூடத்தில் மற்றப் பெண்களுக்கும் இந்த வருடங்களில் கை மெதுவாகத்தான் நீண்டது. சுவர்க் கடிகாரம் வாங்கிப் போனவர்கள் குறைந்தார்கள். நிர்வாகம் அதற்கு நல்ல காற்றோட்டம்தான் காரணம் என்று நம்பியது. இளம்பெண்களோ கறாரக்கா தேர்ந்த காதுதான் சரியான காது என்று அதையே அளவாகப் பழகிக்கொண்டார்கள்.

அதே வருடங்களில் வெளியூர்க் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக ஆலைக்கு வந்து புலம்ப ஆரம்பித்தார்கள். நூல் காதில் நிற்பதில்லை, ஒவ்வொரு தையலுக்கும் உருவிக்கொண்டு வந்துவிடுகிறது என்றார்கள். பட்டுத்துணியில் குத்தினால் ஊசி போன இடத்தில் பட்டாணி போகிற அளவு ஓட்டை விழுகிறது என்றார் ஒருவர். சாக்குத் தைக்கிறவர்கள் மட்டும் மனதார வாழ்த்தினார்கள். அப்போது புதிதாக வந்திருந்த மேனேஜர் இளவயதுக்காரர், வந்த வேகத்தில் எதையாவது சரிசெய்துவிட வேண்டும் என்று துடித்தவர். சோதனைக் கூடத்தில்தான் ஏதோ சரியில்லை என்று அவர் முடிவு கட்டி, நகரத்திலிருந்து ஒரு கண்ணாடியம்மாவை வரவழைத்தார். கண்ணைச் சோதித்து மூக்குக்கண்ணாடி கொடுப்பது அந்த அம்மாவின் தொழில். ஒரு மரப்பெட்டி நிறைய வட்ட வட்டக் கண்ணாடிச் சில்லுகளோடு வந்து இறங்கினார். கூடத்தின் வாசலில் நின்று, குறுக்கும் நெடுக்குமாக நீண்டு கிடந்த கைகளை ஒரு பார்வை பார்த்தார். அதிர்ந்துபோனதாகத் தெரியவில்லை. "கை சும்மா வளரல. கண்ணு தள்ளித் தள்ளிப் போகுது, கை அது பின்னாடியே தேடிக்கிட்டுப் போகுது. அவ்வளவுதான் விஷயம்" என்றார். "கண்ணாடி போட்டா கண்ணு பக்கத்துல வந்துரும். கையும் வீட்டுக்குத் திரும்பிரும்."

பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு கோபப்பட்டார்கள். ஆனால் கண்ணாடியம்மா யாரையும் வற்புறுத்தவில்லை. பொதி கட்டும் அறையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒரு கறுப்பு நூலையும் வெள்ளை நூலையும் முறுக்கிக் காட்டி, எது எது என்று கேட்டுக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்கப் போன ஒருத்தி அளவு கொடுத்துவிட்டு வந்தாள். அவளைக் கிண்டல் பண்ணப் போன இருவரும் கொடுத்துவிட்டு வந்தார்கள். வாரக் கடைசிக்குள் அளவு கொடுக்காமல் மிச்சமிருந்தது கறாரக்கா ஒருவர்தான். அவர் விரல் நுனிக்கும் சுவருக்கும் நடுவில் இப்போது ஒரு உள்ளங்கை அகலம்தான் பாக்கி. எல்லோருக்கும் அது தெரியும். அவர் வலது கையை நீட்டும்போதெல்லாம் கூடத்தில் பேச்சு நின்றுபோகும், கை திரும்பி வந்த பிறகுதான் மறுபடி தொடங்கும். கடிகாரம் வாங்கி அலமாரியில் தயாராக வைத்துவிட்டார்கள் என்றுகூடச் சொன்னார்கள்.

கறாரக்காவின் பிடிவாதத்துக்குக் காரணம் எளிமையானது. கண்ணாடி போட்டுக்கொண்டால், இத்தனை வருடமும் தப்பு காதில் இல்லை, தன் கண்ணில்தான் என்று ஆகிவிடும். சாப்பாட்டு மேசையில் ஜெயித்த அத்தனை சண்டையையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். கோணல் ரொட்டியைத் திருப்பிக் கொடுத்தவருக்கு இது முடியவில்லை. காதுக்காரருடைய நிலைமையோ இன்னும் மோசம். மனைவி கண்ணாடி போடாவிட்டால் சுவரைத் தொட்டு வீட்டுக்குப் போய்விடுவார். போட்டுக்கொண்டால், தான் இத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதைத் தெளிவாகப் பார்த்துவிடுவார். ஊசியைக் கெடுத்தவரை மன்னிக்கிற ஆளில்லை அவர், அதுவும் வேண்டுமென்றே கெடுத்தவரை. மூன்று நாள் காதுக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் மனைவி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"கண்ணாடி போட்டுக்கோம்மா."

"அப்ப காதைச் சின்னதா போட்டது நீங்க இல்லையா?"

"நான்தான் போட்டேன். என் தப்புதான். இருந்தாலும் போட்டுக்கோ."

"தப்பு உங்க பேர்ல, கண்ணாடி எனக்கா? நல்ல நியாயம்."

"நியாயமெல்லாம் வேண்டாம்" என்றார் காதுக்காரர். "நீ அந்த ஜன்னல் பக்கத்துல இருக்கணும். எனக்கு அது போதும்."

கறாரக்கா உரித்த கிழங்கையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை, கண்ணாடியம்மா பெட்டியைப் பூட்டப் போகிற சமயத்தில், பொதி கட்டும் அறைக்குள் முதலில் ஒரு கை வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து ஆள் வந்தார்.

கண்ணாடிகள் எல்லாம் ஒரே நாளில் வந்தன, எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டார்கள். முதலில் அவரவர் கையைப் பார்த்தார்கள். "இது யாரோட கைடீ?" என்று ஒருத்தி பயந்துபோய்க் கேட்டாள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "உனக்கு மீசை இருக்குன்னு ஏன் சொல்லல?" "உன் மூக்கு மேல இருக்கறது மச்சமா? நான் இத்தனை வருஷமா அழுக்குன்னு நினைச்சிட்டு இருந்தேன்." ஒரே சிரிப்பு, ஒரே கூச்சல். அப்புறம் வேலை மணி அடித்தது. ஆளுக்கொரு பிடி ஊசியை எடுத்து விரித்தார்கள். பழக்கத்தில் கைகள் எதிர்ச்சுவரை நோக்கிப் புறப்பட்டன. பாதி வழியில் தயங்கி நின்றன. மெதுவாகத் திரும்பி வந்து முகத்துக்கு நேரே நின்றன.

கறாரக்கா முதல் பிடியைப் பார்த்தார். மொத்தமாகக் கழிவுப் பெட்டியில் போட்டார். இரண்டாவது பிடியையும் போட்டார். மூன்றாவதைப் பார்த்தபோது ஒரு ஊசியை மட்டும் தனியே எடுத்து நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். அதன் காதில் சணல் கயிறு தாராளமாகப் போகும். வரிசை முழுக்க இதே கதைதான். நல்ல பார்வை வந்ததும் நல்ல ஊசி ஒன்றுகூட இல்லாமல் போயிற்று. மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தபோது தேர்ந்த ஊசிகள் போடும் தட்டுகள் கழுவி வைத்ததுபோல் காலியாக இருந்தன. கண்ணாடி போட்டால் உற்பத்தி பெருகும் என்று மேலிடத்துக்கு வாக்குக் கொடுத்திருந்த மேனேஜர் வந்து பார்த்தார். அவருக்கு முகமெல்லாம் வேர்த்தது. "கழட்டுங்க! எல்லாரும் கழட்டிக் குடுங்க! நேத்து வரைக்கும் நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு!" என்று கத்தியபடி வரிசையில் ஒவ்வொருவராகப் போய்க் கை நீட்டினார்.

பெண்கள் கழற்றினார்கள். கழற்றி, கையை உயரத் தூக்கினார்கள். அத்தனை நீளக் கைகளும் மேலே போய்க் கூரையைத் தொட்டு நின்றன. உத்தரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக மூக்குக்கண்ணாடிகள் வெயிலில் பளபளத்தன. மேனேஜர் ஒரு நாற்காலி மேல் ஏறிப் பார்த்தார். மேசை மேல் நாற்காலியைப் போட்டு ஏறிப் பார்த்தார். பிறகு இறங்கி, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கறாரக்கா இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னல் வழியே முற்றத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தார். தூரப் பார்வைக்கு அவருக்கு என்றுமே குறையில்லை. காதுக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அடி வாங்கத் தயாராக நிற்கிற பள்ளிப் பிள்ளைபோல் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தார். கறாரக்காவின் இடது கை ஊசியோடு புறப்பட்டது. ஜன்னலைத் தாண்டி, குழாயைத் தாண்டி, எதிர் ஜன்னலுக்குள் போய், அவருடைய மூக்குக்கு நேரே ஊசியைப் பிடித்தது. ஆலை முழுக்க வேலையை விட்டுவிட்டு ஜன்னல்களில் கூடியது. காதைத் திருகப்போகிறார் என்று சிலர் சொன்னார்கள். காதோடு நிற்காது என்று சிலர் சொன்னார்கள்.

"இது என்ன?" என்று இங்கிருந்து கேட்டார்.

"ஊசி" என்றார் அவர் அங்கிருந்து.

"இந்த ஓட்டை?"

காதுக்காரர் எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"வாயில என்ன? யாருக்காக இவ்வளவு பெருசா போட்டீங்க?"

"நீ சுவத்தைத் தொட்டுருவியோன்னு பயமா இருந்துச்சும்மா" என்றார் காதுக்காரர். மெதுவாகத்தான் சொன்னார். இயந்திரம் எதுவும் ஓடாததால் எல்லோருக்கும் கேட்டது.

கறாரக்கா அழுதார். ஊர் அறிய அவர் அழுதது அந்த ஒரு முறைதான், அதையும் கோபமாகவே செய்தார். "இத்தனை வருஷம் செய்யாத தப்பைச் செஞ்சேன் செஞ்சேன்னு சொல்லிட்டு இருந்திருக்கீங்களே. நானும் திட்டிக்கிட்டே இருந்திருக்கேனே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" ஊசி கீழே விழுந்தது. கை காதுக்காரருடைய தோளில் இறங்கியது. இறங்கி, அங்கேயே இருந்தது. வலது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, கறாரக்கா தன்னுடைய வழக்கமான குரலில் சொன்னார்: "பழைய முள்ளு எங்க? அதை மாட்டுங்க. இந்தப் பெட்டி அத்தனையும் கழிவு. புருஷன் போட்ட காதுன்னு நான் விட்டுற மாட்டேன்."

பழைய முள்ளைக் காதுக்காரர் எண்ணெய்த் துணியில் சுற்றிச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார், முதல் நாளிலிருந்து. அவரை வேலையை விட்டு அனுப்பிவிட வேண்டும் என்று மேனேஜர் நினைத்தது உண்மை. ஆனால் அவர் நிமிர்ந்து பார்த்தபோது கண்ணாடிகள் இன்னும் கூரையில்தான் இருந்தன. அந்த மனிதர் வேலையில் இருந்தால்தான் அவை கீழே வந்து மூக்கில் ஏறும் என்பதைப் பெண்கள் வாயைத் திறக்காமலே அவருக்குப் புரியவைத்தார்கள். மேனேஜர் விவரம் தெரியாதவர் அல்ல. அவர் தலையாட்டினார். கண்ணாடிகள் இறங்கின. காதுக்காரர் இயந்திரத்தை ஓட்டினார்.

அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கண்ணாடியம்மா சொன்னபடியே கைகள் வீடு திரும்பின. மழைக்காலம் முடிவதற்குள் எல்லோர் விரலும் சுவரைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டது. முன்பு ஐம்பது வயதுக்காரர் ஒரு பிடி பார்க்கிற நேரத்தில் இப்போது மூன்று பிடி பார்த்தார். அனுபவமும் இருந்ததால் இளம்பெண்களைத் தாண்டியும் போனார், அவர்களுக்குக் கொட்டாவி விட நேரமில்லாமல் போனது. ஆலை அதற்கு முன் பார்க்காத அளவுக்கு ஊசி வெளியே போனது, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. சாக்குத் தைக்கிறவர்கள் மட்டும் வருத்தப்பட்டார்கள், அவர்களுக்காகப் பெரிய காது ஊசி தனியாகப் போட்டுக் கொடுத்தார்கள். முன்பு கடிகாரம் வாங்கிப் போன பெண்களுக்கும் ஆள் அனுப்பினார்கள். ஒரு காலை நேரம் ஆலைக் கதவு வழியே முதலில் கைகள் வந்தன, வெகுநேரம் கழித்து ஆட்கள் வந்தார்கள். அவர்களில் சிலர் கடிகாரத்தையும் கொண்டுவந்து மேனேஜர் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். தையல்காரர் ஒரு வருடம் முழுக்கச் சட்டைக் கைகளை வெட்டிக்கொண்டே இருந்தார். மிஞ்சின துணியில் எல்லோருக்கும் கண்ணாடிக்கு உறை தைத்தார். ஊரில் துணிக் கயிறுகளைக் கீழே இறக்கிக் கட்டினார்கள். ஜன்னலைச் சாத்த எழுந்து போக வேண்டியிருக்கிறதே என்று கொஞ்ச நாள் எல்லோரும் அலுத்துக்கொண்டார்கள், பிறகு அதுவும் பழகிப்போனது.

கறாரக்காவின் வலது கையும் மற்றவர்களுடையதைப் போலவே அளவுக்கு வந்தது. இடது கை மட்டும் சுருங்கவில்லை. கண்ணாடியம்மா வந்து கண்ணை மறுபடி சோதித்தார். பார்வையில் ஒரு குறையும் இல்லை. கையைத் தட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், அது முற்றத்துக்கு அந்தப் பக்கம் போய்த் தேநீர்க் குவளையை வைத்துவிட்டுத் தோளில் உட்காருவதையும் பார்த்தார். "இது கண்ணு சம்பந்தப்பட்டது இல்ல" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார். தையல்காரர் அதற்கப்புறம் ஒரு கை குட்டையாகவும் ஒரு கை நெட்டையாகவும் சட்டைக்குத் தைத்துக் கொடுத்தார். நல்ல லாபம் வந்த வருடம் ஆலை ஜன்னல்களுக்கெல்லாம் மேனேஜர் கண்ணாடிக் கதவு போட்டார். எதிரெதிராக இருந்த இரண்டு ஜன்னல்களில் மட்டும் கை போகிற அளவுக்குத் திறப்பு விடச் சொன்னார். அதைப் பற்றி அவர் யாரிடமும் விளக்கம் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

காதுக்காரர் வயதில் மூத்தவர், முதலில் ஓய்வு பெற்றார். அவர் வீட்டில் தங்கிய முதல் நாள், தேநீர் மணி அடித்ததும், கறாரக்காவின் இடது கை பழக்கப்படி முற்றத்தைக் கடந்து எதிர் ஜன்னலுக்குள் போனது. அங்கே இயந்திரத்துக்குப் பக்கத்தில் புது ஆள் நின்றுகொண்டிருந்தார். கை அவரிடம் குவளையைக் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் வெறும் மேசையைத் தடவிப் பார்த்தது. பிறகு அங்கிருந்து பின்ஜன்னல் வழியே வெளியே போய், ரயில் பாதையைக் கடந்து, கடைத்தெரு மேலாக, பள்ளிக்கூடத்து மதிலைச் சுற்றிக்கொண்டு, தன் வீட்டு ஜன்னலைத் தேடி நீண்டது. தேநீர் கொஞ்சம் ஆறிவிட்டிருந்தது என்று காதுக்காரர் பிற்பாடு சொன்னார். அடுத்த நாளிலிருந்து கறாரக்கா குவளைக்கு மூடி போட்டு அனுப்பினார்.

இப்போதெல்லாம் காலையில் ஆலையின் தேநீர் மணி கேட்டதும் கடைத்தெருவில் குடை பிடித்து நடப்பவர்கள் குடையைச் சற்றுத் தாழ்த்துவார்கள். பேருந்து ஓட்டுநர் முனையில் வண்டியை நிறுத்தி, கை கடந்து போகும் வரை காத்திருப்பார். அவசரமாகப் போகிறவர்கள் குனிந்து போவார்கள். கொஞ்ச நேரம் கழித்து அது காலிக் குவளையோடு திரும்பி வரும், போக்குவரத்து நகரும்.